கிறிஸ்துமஸ் இரவும் பேய்க்கதையும்

விக்டோரியா அரசியார் ஆட்சியில் (1837–1901) இங்கிலாந்து மக்கள் கிறிஸ்துமஸ் இரவில் கணப்பைச் சுற்றி அமர்ந்து பேய்க்கதை கேட்பது வழக்கம். இயேசு பிறப்பின் மகிழ்ச்சிக்கும் பேய்க்கும் என்ன தொடர்பு என்று மாணவர் வியக்கலாம். தொடர்பு திருநாளோடு அன்று, பருவத்தோடு. டிசம்பர் இறுதியில் இலண்டனில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. நெருப்பு எரியும் அறையில் வீட்டார் அனைவரும் கூடும்போது கதையும் கூடவே வந்துவிடும். வழக்கமும் மிகப் பழையதே. ஷேக்ஸ்பியரின் 'குளிர்காலக் கதை' நாடகத்தில் ஒரு சிறுவன் தன் தாய்க்குப் பேய்க்கதை சொல்லத் தொடங்குகிறான்.

விக்டோரியா காலத்தார் செய்தது, வாய்மொழியாக இருந்ததை அச்சுக்குக் கொண்டுவந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. 6,000 படிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. பின்னர் அவர் நடத்திய 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' வார இதழின் 1852 கிறிஸ்துமஸ் மலரில் கதைகள் சொல்பவர் பெயராலேயே அமைந்தன: ஏழை உறவினர் கதை, குழந்தையின் கதை, முதிய செவிலியின் கதை. அச்சில் ஏறிய பின்னும் கதைக்கு ஒரு வாய் தேவைப்பட்டது.

ஏன்? தமிழில் 'அந்த வீட்டில் ஒரு கிழவி இருந்தாளாம்' என்றால், பிறர் சொல்லக் கேட்டது என்பது புலப்பட்டுவிடும். 'ஆம்' என்னும் ஓர் இடைச்சொல் போதும். ஆங்கில வினைக்கு அத்தகைய ஈறு இல்லை. ஆகவே அம்மொழி எழுத்தாளர் அதே வேலையைக் கதையின் கட்டமைப்பால் செய்தனர். ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898) கிறிஸ்துமஸ் காலத்துக் கூட்டமொன்றில் தொடங்குகிறது. ஆசிரியை எழுதியது, நண்பர் படித்துக் காட்டியது, அதைக் கேட்டவர் பின்னர்ப் படியெடுத்தது என மூன்று கை மாறியே கதை நம்மிடம் வருகிறது. நாம் ஓர் இடைச்சொல்லில் முடிக்கும் செய்தி!

மொழிபெயர்ப்பு வகுப்புக்கு எலிசபெத் காஸ்கெலின் செவிலி கதையையே நான் பரிந்துரைப்பேன். (nurse என்பதற்கு நம் அகப்பாடல்களின் 'செவிலி' எவ்வளவு பொருந்துகிறது!) தான் வளர்த்த பெண்ணின் பிள்ளைகளுக்கு அவள் கதை சொல்கிறாள். மாளிகைப் பிரபு தன் மகளையும் பேத்தியையும் பனியில் துரத்தினார் என்பது அவளுக்கு வேலைக்காரி ஒருத்தி சொன்ன செய்தி. அங்கே 'துரத்தினாராம்' என்றே எழுத வேண்டும். ஆனால் உள்ளே சிதைந்து கிடந்த ஆர்கன் இரவில் ஒலித்ததை அவளே கேட்டாள். இறந்தவர்களின் உருவங்களை அவளே கண்டாள். அங்கே 'ஆம்' வரலாகாது. நடக்கக்கூடிய கொடுமை கேள்விச் செய்தியாகவும், நடக்கவியலாத பேய் நேர்க்காட்சியாகவும் நிற்கின்றன. மாணவர் பழக்கத்தால் எல்லா வினையிலும் 'ஆம்' சேர்த்தால் அது பாட்டி கதையாகிவிடும், அச்சம் வராது.