குளக்கட்டில் கூடிய வகுப்பு

எங்கள் பகுதி ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: பாண்டியன்குளம், கொல்லவிளாங்குளம், அனிச்சியன்குளம், வவுனிக்குளம், பாலிநகர். மல்லாவிச் சந்தியில் நின்று எத்திசை நோக்கிப் புறப்பட்டாலும் ஒரு குளத்தின் பெயரையோ ஆற்றின் பெயரையோ தாங்கிய ஊருக்கே போய்ச் சேருகிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே சரித்திர பாடம் படிப்பித்த எனக்கு, இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு வினா என்பது இளைப்பாறிய பின்னர்தான் உறைத்தது. வகுப்பறையில் நான் அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் விளக்கிக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு வெளியே இருந்த ஊரைப் பற்றி ஒரு நாளேனும் வாய் திறந்தேனில்லை.

அக்குறையைத் தீர்த்துக்கொள்ளும் எண்ணத்துடன், என்னைப்போல் ஓய்வு பெற்ற நண்பர் இருவரோடு சேர்ந்து, முதியோருக்காக மாதம் ஒருமுறை ஊர் வரலாறு பேசத் தொடங்கினோம். முதற்பேச்சு என்னுடையது. வன்னியரின் வருகையைக் கூறும் வையாபாடலையும், ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் வெளியிட்ட பெருநூலையும் முன்வைத்துக் குறிப்பெழுதிச் சென்றேன். முக்கால் மணி நேரம் பேசினேன். வந்திருந்த பதினாறு பேரும் மரியாதை தெரிந்தவர்கள்; ஒருவரும் எழுந்து போகவில்லை. சிலர் கண்ணயர்ந்தனர். நான் முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் கேட்டார்:

“மாஸ்ரர், நீங்கள் சொல்லுற வெள்ளைக்காரர் ஆரும் எங்கட குளத்தைக் கண்டவையோ?”

கண்டவர் ஒருவர் இருக்கிறார். நீர்ப்பாசனப் பொறியியலாளராக இலங்கையிற் பணிபுரிந்த ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்னும் ஆங்கில நூலில் வவுனிக்குளத்துக்குத் தனியிடம் உண்டு. பழைய நூல்கள் பேலிவாபி எனக் குறிக்கும் குளம் இதுவே என்றும், இதனைக் கட்டுவித்தவன் எல்லாள மன்னன் என்றும் அவர் கருதினார். குளத்துக்கு நீர் தரும் பாலியாற்றின் பெயரும் அவர் சிந்தனையை அத்திசையில் இழுத்தது. பழைய செங்கற்களின் நீள அகலங்களை அளந்து கட்டடங்களின் காலத்தைக் கணிப்பது அவர் கைக்கொண்ட முறை. அவருடைய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் காடடர்ந்து கிடந்த ஓர் உடைந்த கட்டின்மீது ஏறி நின்று, ‘இதனைக் கட்டியவர் யார்?’ என்று அளவுகோலுடன் கேட்ட ஒருவரை நான் மாணவருக்கு ஒருபோதும் அறிமுகஞ் செய்ததில்லையே என்று அன்று நாணினேன்.

அடுத்த மாதம் மண்டபத்தைப் பூட்டிவிட்டு, ஒரு வானை அமர்த்திக் குளத்துக்கே போனோம். ஞாயிறு காலை ஆறரை மணி. வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். தண்ணீர்ப் போத்தல், மருந்துப் பை, நான்கு கதிரைகள் ஆகியவற்றுடன் பாக்கரின் பக்கங்களையும் எடுத்துச் சென்றிருந்தேன். அவற்றை விரிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. கட்டில் கால் வைத்த மாத்திரத்தில் அவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

1950களில் இக்குளம் மீளக் கட்டப்பட்டு, அதன் கீழ் மக்கள் குடியேற்றப்பட்டபோது இளைஞராக வந்த ஒருவர், பழைய கட்டின்மேல் பாலையும் முதிரையும் எவ்வாறு மண்டிக் கிடந்தன என்று கைத்தடியால் சுட்டிக் காட்டினார். கரடிக்குப் பயந்து நெருப்பு மூட்டி உறங்கிய இரவுகளை இன்னொருவர் சொன்னார். என்னிடம் கேள்வி கேட்ட ஆச்சி, வேலைக்கு வந்த ஆண்களுக்குச் சமைக்கத் தாமும் தம் தாயும் தண்ணீர் அள்ளிய பள்ளம் எங்கே இருந்தது என்று தேடினார், கண்டும் பிடித்தார். துருசு திறந்த முதல் நாளில் நீர் எந்த வாய்க்காலில் முதலில் ஓடியது என்பதில் முதியவர் இருவருக்குள் பிணக்கு மூண்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அப்பிணக்கைத் தீர்த்துவைக்க எந்த நூலிலும் சான்றில்லை. இருவர் கூற்றையும் அவரவர் பெயரிட்டு, நாளிட்டு எழுதிக்கொண்டேன்.

உலகில் இத்தகைய முயற்சி புதிதன்று. பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் பியேர் வெல்லாஸ் என்னும் பேராசிரியர் முதியோருக்கெனப் பல்கலைக்கழக வகுப்புகளைத் தொடங்கினார். அவ்விதை 1981இல் கேம்பிறிட்ஜில் வேறு விதமாக முளைத்தது. அதற்கு முன்னின்றோருள் ஒருவரான பீற்றர் லாஸ்லெற் ஒரு வரலாற்றாசிரியர். பட்டமும் பரீட்சையும் இன்றி, முதியோர் தமக்குள்ளேயே ஆசிரியரும் மாணவருமாக மாறிமாறி இருக்கும் முறையை அவர்கள் வகுத்தனர். தமிழகத்தில் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்கு மக்களை விடியற்காலையில் அழைத்துச் செல்லும் பசுமைநடை, எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணனின் முயற்சியால் 2010இல் தொடங்கியது. சமணர் படுகைகளின் அருகே தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் நின்று கல்லெழுத்தை விளக்க, முதியவரும் சிறுவரும் பாறைமேல் அமர்ந்து கேட்பர். குன்றுகளைக் கல்லுடைப்போரிடமிருந்து காக்க வேண்டுமென்ற கவலையும் அந்நடைக்குள் இருந்தது.

எங்கள் கவலை வேறு. எங்களிடம் படிப்பதற்குக் கல்லெழுத்து இல்லை. தாளெழுத்தும் இல்லை என்றே சொல்லலாம். 1996இல் கிளிநொச்சியை இழந்த மக்கள் மல்லாவிக்கு வந்து நிறைந்தார்கள். 2008இல் மல்லாவி மக்களே கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். மீண்டு வந்தபோது வீட்டுக்கூரையோடு காணி உறுதியும், கலியாணப் படமும், பாடசாலைப் பதிவேடும் போயிருந்தன. பாக்கரின் நூலைத் தொலைத்தால் வேறு பிரதி தேடிக்கொள்ளலாம். வாய்க்கால் வெட்டிய மனிதர் யார், எவ்வூரிலிருந்து வந்தார், முதற் போகத்தில் என்ன விளைந்தது என்பவற்றுக்குப் பிரதி ஏது? 1955இல் இருபது வயதில் வந்தவர் இன்று தொண்ணூறு வயதினர்.

இவ்வாறு சொல்லுவதால் முதியோர் சொல் யாவும் வேதவாக்கு என்று நான் கருதுவதாக எண்ணவேண்டாம். ஒருமுறை ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவுக்குச் சென்றோம். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலப் படையைத் துரத்திய பண்டாரவன்னியன் பெயரோடு பிணைந்த இடம் அது. அவன் அங்கேயே மாண்டான் என்று எங்களுள் பலர் உறுதியாகச் சொன்னார்கள். நானும் பிள்ளைகளுக்கு அவ்வாறே சொல்லியிருக்கிறேன். ஆனால் அங்கே நடப்பட்ட நினைவுக்கல், 1803 ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேக் அவனைத் தோற்கடித்த இடம் என்று மட்டுமே கூறியது. தோல்வி வேறு, சாவு வேறு அல்லவா? இதைக் கேட்டதும் ஒரு பெரியவர் சினந்து, “வென்றவன் வெட்டின கல்லை நீர் நம்புறீரோ?” என்றார். நல்ல கேள்வி. சரித்திர மாணவன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. எண்பத்திரண்டு வயதில், எவரும் படிப்பிக்காமலே அவர் கேட்டார். அதையும் குறிப்பேட்டில் எழுதினேன்.

ஒரு குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். குளவேலை தொடங்கிய காலத்தில் தொழிலாளர் கொட்டில் போட்டிருந்த இடத்தைக் காட்டுவதாக முதல் உலாவிலேயே ஒருவர் கூறியிருந்தார். அடுத்த மாதம் போகலாம் என்றேன். அடுத்த மாதம் வானுக்குக் காசு போதவில்லை. அதற்கடுத்ததில் மாரி பிடித்துக்கொண்டது. குளம் வான் பாய்ந்து வழியும் சேறாயிற்று. தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் அவர் காலமானார். செத்தவீட்டில் அவர் மகன், ‘அப்பு உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்’ என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை.

அவரோடு அக்கொட்டிலில் இருந்த இன்னொருவர் பாலிநகர்ப் பக்கம் இருக்கிறார். இடம் தமக்கும் தெரியும் என்கிறார். முழங்கால் நோவினால் வானில் ஏறமாட்டார். உழவு இயந்திரப் பெட்டியில் கதிரை வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். பெட்டி தருவதற்கு ஒருவர் இசைந்திருக்கிறார். வருகிற ஞாயிறு, காலை ஆறு மணி என்று நாள் குறித்துவிட்டோம்.