மாதச் சீட்டும் ஒரு சமனிலியும்

ஹைதராபாத்தில் நாச்சாரம் தொழிற்பேட்டைக்கு அண்மையில் உள்ளது மல்லாபூர். அங்கிருந்து நாள்தோறும் பஸ் ஏறி வேலைக்குச் செல்லும் தமிழ் நேயர்கள் மாதத் தொடக்கத்தில் ஒரு கேள்வியை எதிர்ப்படுகின்றனர். மாதச் சீட்டு எடுப்பதா, அன்றாடம் டிக்கட் வாங்குவதா? நாமும் நெடுங்காலம் குத்துமதிப்பாகவே இதற்கு விடை கண்டு வந்தோம். 2025 ஜூனில் சாதாரண பஸ்ஸின் மாதச் சீட்டு 1,150 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தபோதுதான் காகிதத்தையும் பென்சிலையும் தேடினோம்.

ஒருவழிக் கட்டணம் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (நேயர்கள் தத்தம் டிக்கட்டில் உள்ள தொகையை இட்டுக்கொள்க.) போகவர 60 ரூபாய். பயணம் செய்யும் நாட்களை 'ந' என்போமாயின், சீட்டு இலாபம் தருவதற்குரிய நிபந்தனை இது: 60 × ந > 1,400. இருபுறமும் சமமாயிருந்தால் அது சமன்பாடு. ஒருபுறம் மிகுந்திருப்பின் சமனிலி. இக்குறியைத் தாமஸ் ஹாரியட் என்னும் ஆங்கிலேயரின் நூலிலே முதன்முதல் காண்கிறோம். அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1631-இல், அந்நூல் வெளிவந்தது.

இருபுறமும் 60-ஆல் வகுத்தால், 'ந' 23.33-ஐ விடப் பெரிதாதல் வேண்டும். நாளைப் பின்னப்படுத்த இயலாது. 23 என்று குறைத்துக்கொண்டாலோ செலவு 1,380 ரூபாய்தான், சீட்டினால் 20 ரூபாய் நட்டம். ஆகவே 24 நாட்கள் வேண்டும். பழைய விலைக்கு 20 நாட்களே போதுமானவையாயிருந்தன. வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்து மாதம் 22 நாட்கள் செல்பவருக்கு முன்பு 170 ரூபாய் மிச்சம். புதிய விலையிலோ 80 ரூபாய் கைநட்டம். வாரம் ஆறு நாள் ஆலைக்குச் செல்பவர் 26 நாட்கள் பயணம் செய்வதால் தப்பினார். அவரும் மூன்று நாள் விடுப்பெடுத்தால் கணக்கு மாறிவிடும்.

வேலைக்குச் செல்லும் நாட்களை மட்டும் எண்ணுவது நாம் பலகாலும் செய்த பிழை. ஞாயிறன்று செகந்தராபாத் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குச் செல்வதும் அதே சீட்டில்தானே? அத்தகைய இரண்டு பயணங்கள், அதே கட்டணத்தில், 22-ஐ 24 ஆக்கிவிடும்.

வீட்டுப் பெண்களின் கணக்கு வேறு. 2023 டிசம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய மகாலட்சுமித் திட்டத்தின்படி, தெலங்கானாவில் வசிப்பதற்கான அடையாளச் சான்றைக் காட்டும் பெண்களுக்கு நகரச் சாதாரண பஸ்ஸில் கட்டணமில்லை. ஆதலின் பழைய ஊர் முகவரியுள்ள அட்டையையே வைத்திருக்கும் பெண்கள் முதலில் அம்முகவரியை மாற்றிக்கொள்ளல் நன்று. அதன்பின் அவர்தம் சமனிலியின் இடப்புறம் பூச்சியம். எத்தனை நாட்களால் பெருக்கினாலும் அது 1,400-ஐத் தாண்டாது.