நூல் பக்க வடிவமைப்பு

நூல் பக்க வடிவமைப்பு என்பது அச்சுப் பக்கத்தில் எழுத்து, வரி, ஓரம் ஆகியவற்றுக்கு இடம் வகுக்கும் பணியாகும். தமிழ்க் கதை, கட்டுரை நூல்கள் பெரும்பாலும் 1/8 டெம்மி அளவில் (ஏறத்தாழ 14 × 21.5 செ.மீ.) வெளிவருகின்றன. ஒரு பாரம் 16 பக்கம் என்பதால், மொத்தப் பக்கங்களை 16-இன் மடங்காக அமைத்தால் தாள் வீணாகாது.

நான்கு ஓரங்களில் உள் ஓரமே முதன்மையானது. பசை வைத்து ஒட்டிய நூல் முழுதாக விரியாது. உள் ஓரம் குறுகினால் வரியின் முனை மடிப்புக்குள் மறையும். வாசகர் நூலை அழுத்தி விரிக்க, தாள் கழன்றுவிடும். பக்கத்தைக் குறைக்க எண்ணிப் பலர் முதலில் கைவைப்பது இந்த ஓரத்தில்தான்.

ஆங்கிலத்துக்குப் பொருந்தும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாமல் போகலாம். 'கீ', 'றி' மேலே உயரும். 'து', 'நு', 'ழூ' கீழே இறங்கும். இடைவெளி குறைந்தால் இவை ஒன்றோடொன்று இடிக்கும். 12 பாயிண்ட் எழுத்துக்கு 16 பாயிண்ட் இடைவெளியில் தொடங்கி, எழுத்துருவுக்கு ஏற்ப மாற்றலாம்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரிகளை இருபுறமும் சீராக்கும்போது சொற்களுக்கிடையே வெற்றிடம் பெருகும். அங்கே சொல்லைப் பிரிக்கலாம். ஆனால் புள்ளி எழுத்து அடுத்த வரியின் தொடக்கமாக வரலாகாது. 'பட்டம்' என்பதை 'பட்-டம்' எனப் பிரிக்கலாம், 'ப-ட்டம்' எனப் பிரிக்கலாகாது.