சுவடிப் பதிப்பின் குறிமொழியைத் திரைவடிவமாக்கல்: எழுத்தெல்லைச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

சுவடிப் பாடத்தையும் பதிப்பாசிரியர் செய்த திருத்தத்தையும் வேறுபடுத்தக் குறிமொழி பயன்படுகிறது. அக்குறிகளை வரைகலை இடைமுகத்தில் நிறம், தடிப்பு, சாய்வு முதலிய வடிவங்களாக மாற்றும் முறையைப் பைத்தான் மொழியின் டிகேஇன்டர் உரைப்பெட்டி வழி இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் வடிவத்தின் எல்லை எழுத்தின் எல்லையோடு பொருந்தாவிடில் நேரும் பிழைகளும் அவற்றுக்கான தீர்வும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குறிமொழி, மின்பதிப்பு, உரைப்பெட்டி, ஒருங்குறி, எழுத்தெல்லை

முன்னுரை

பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ஆதலின் ஏட்டில் ‘கொடு’ என நிற்பதைக் ‘கொடு’ எனக் கொள்வதா, ‘கோடு’ எனக் கொள்வதா என்பது பதிப்பாசிரியரின் முடிவாகும். அம்முடிவு வாசகருக்குப் புலப்பட வேண்டும். இல்லையேல் ஊகமும் ஏட்டுச் சான்றும் ஒன்றாகிவிடும். டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் வகுத்துள்ள குறிமொழியில் மூல வடிவம், திருத்திய வடிவம், பதிப்பாசிரியர் நிரப்பிய பகுதி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உள்ளன. கோப்பில் செம்மையாக இட்ட குறி திரையில் பிழையாகத் தோன்றினால், அந்த உழைப்பு வாசகரைச் சென்றடையாது.

மாற்றும் முறை

குறிகளைத் தேடி நீக்கி, அவ்விடத்தில் நிறத்தை இட்டால் போதும் என்று தோன்றலாம். ஆயின் உரைப்பெட்டி குறிகளை ஏற்பதில்லை. வெறும் உரை ஒருபுறமும், ‘இந்த இடம் முதல் இந்த இடம் வரை இவ்வடிவம்’ என்னும் பட்டியல் மறுபுறமுமாக அது வைத்துக்கொள்கிறது. ஒரு குறியை நீக்கியவுடன் அதற்குப் பின்னுள்ள இடங்கள் யாவும் முன்னே நகர்வதால், முன்பே குறித்துவைத்த எண்கள் பொருளிழக்கும். எனவே கோப்பைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே முறை படித்துச் செல்வதே ஏற்றது. பைத்தானின் சாக்ஸ் பகுப்பி, குறி தொடங்கும்போதும் முடியும்போதும் இடையில் உரை வரும்போதும் தனித்தனியே அறிவிக்கும். தொடங்கும் குறியை ஓர் அடுக்கில் இட்டு, முடியும்போது எடுத்துவிட்டால், எந்நேரத்திலும் எக்குறிகள் நடப்பில் உள்ளன என்பதை அறியலாம்.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. பகுப்பி தொடர்ச்சியான உரையைப் பல துண்டுகளாகத் தரக்கூடும். ஆகவே துண்டுகளை முழுமையாகத் திரட்டிய பின்னரே பெட்டியில் இடுதல் வேண்டும்.

வடிவங்களுக்கு இடையே முன்னுரிமையும் உண்டு. ஒரே இடத்தில் இரண்டு வடிவங்கள் பொருந்தினால், பின்னர் உருவாக்கப்பட்டது மேலோங்கும். நிறமும் அடிக்கோடும் வேறுவேறு பண்புகள் ஆதலின் அவை இணைந்து நிற்கும். தடிப்பும் சாய்வுமோ எழுத்துரு என்னும் ஒரே பண்புக்குள் அடங்குவன. தடிப்புக்குள் சாய்வு வந்தால் இரண்டனுள் ஒன்றே தெரியும். ‘தடித்த சாய்வு’ என மூன்றாவது வடிவம் ஒன்றை வகுத்தாலன்றி இது தீராது. பதிப்பு வேறுபாடுகளை நிறத்தாலும் அடிக்கோட்டாலும் மட்டும் காட்டுவது இதனினும் எளிது.

எழுத்தெல்லை

‘கோடு’ என்பது இலக்கணப்படி இரண்டு எழுத்து. ஒருங்குறியில் அது ககரம், ஓகாரக் குறி, டகரம், உகரக் குறி என நான்கு குறியீட்டுப் புள்ளிகள். ஓகாரக் குறியை ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்து உள்ளிட்டிருந்தால் ஐந்தாகும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால், எண்ணிக்கை மாறியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே உரையை ஒருங்குறியின் இணைந்த இயல்வடிவுக்கு மாற்றிவிட்டே இடங்களை எண்ண வேண்டும். எண்ணிய பிறகு மாற்றினால் நிறம் அடுத்த எழுத்துக்கு நழுவிவிடும்.

சிக்கலின் மையம் வேறு. பதிப்பாசிரியர் மாற்றியது ஓகாரக் குறியை மட்டுமே. ககரம் ஏட்டில் உள்ளது. ஆதலின் குறி ககரத்துக்குப் பின் தொடங்குகிறது. ஆனால் ஓகாரக் குறியின் ஒரு பாதி ககரத்தின் இடப்புறத்திலும் மறுபாதி வலப்புறத்திலும் வரையப்படுவது. வடிவ எல்லை இவற்றின் நடுவே விழுந்தால், பல மென்பொருள்கள் அவ்வெழுத்தை இரு துண்டாக வரையும். உயிர்க்குறி புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கும். புள்ளி சேர்க்கும் திருத்தத்துக்கும் இந்நிலை நேரலாம். சுவடிப் பதிப்பில் மிகுதியும் நிகழும் திருத்தங்களே இவை என்பதால் இதனை விதிவிலக்காக ஒதுக்க இயலாது.

திரைக்கு அனுப்பும்போது மட்டும் எல்லையை முழு எழுத்தளவுக்கு விரித்தல் இதற்குத் தீர்வாகும். தொடக்க இடத்தில் சார்புக்குறி இருந்தால் அடியெழுத்து வரை பின்செல்ல வேண்டும். இறுதியை அடுத்துச் சார்புக்குறி இருந்தால் அதனையும் உட்கொள்ள வேண்டும். பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுதி தரும் வகைப்பெயரைக் கொண்டு சார்புக்குறிகளை இனங்காணலாம். ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்துக்கு இவ்விதி போதாது. தனி விதி வேண்டும்.

விரித்ததன் விளைவாகக் ‘கோ’ முழுவதும் நிறம் பெறும். மாற்றம் ககரத்திலா, உயிரிலா என்பதை அந்நிறம் சொல்லாது. எழுத்தின்மேல் சுட்டியை வைத்தால் ஏட்டு வடிவம் ‘கொ’ எனத் தோன்றுமாறு அமைத்தால் அக்குறை நீங்கும். விரித்த எல்லையை ஒருபோதும் கோப்பில் திரும்ப எழுதலாகாது. எழுதினால், ஏட்டிலுள்ள ககரமும் பதிப்பாசிரியர் திருத்தியதாகவே பதிவாகிவிடும்.