பிரஜாவுரிமை அரசியல் சட்டத்தில் ஏறிய கதை

தோட்டத்து வீடுகளில் தாலிக்கு அடுத்தபடி பத்திரமாக வைத்திருந்த பொருள் ஒன்று உண்டு. அதுதான் பிரஜாவுரிமைப் பத்திரம். அது எப்படி நம் கைக்கு வந்தது என்று பார்ப்போம்.

1956-ஆம் ஆண்டு, மலாயாவுக்கு அரசியல் சட்டம் வகுக்க ரீட் ஆணைக்குழு கோலாலம்பூருக்கு வந்தது. தலைவர் பிரிட்டிஷ் நீதிபதி ரீட் பிரபு. மற்றவர்கள் பிரிட்டனின் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் மெக்கெல், இந்தியாவின் மாலிக், பாகிஸ்தானின் அப்துல் ஹமீது. மலாயாக்காரர் ஒருவரும் இல்லை. பாரபட்சம் வரக்கூடாதென்று நம் தலைவர்களே அப்படிக் கேட்டிருந்தார்கள். ஊரறியாதவர்கள் ஊராரைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்? சங்கங்களும் தனி மனிதர்களுமாக 131 மகஜர்கள் கொடுத்தார்கள். ஆணைக்குழு 118 முறை கூடியது.

பெரிய வாதம், யார் பிரஜை என்பதுதான். இங்கே பிறந்தவர் எல்லாரும், எப்போது பிறந்திருந்தாலும், பிரஜையே என்றனர் ஒரு சாரார். மலாய்க்காரர் பலருக்கு அது அச்சமூட்டியது. சம்பந்தன் தலைமையிலான ம.இ.கா.வும் சேர்ந்திருந்த கூட்டணி நடுவழி ஒன்று கண்டது. மெர்டேக்கா முதல் இங்கே பிறக்கும் குழந்தை பிரஜை. அதற்குமுன் பிறந்தவர் மனுப்போட்டுப் பதிந்துகொள்ள வேண்டும்.

இதன் அருமை தெரிய இலங்கையைப் பார்க்கவேண்டும். அங்கும் அரசியல் சட்டத்துக்கு ஆலோசனை சொன்னவர் இதே ஜென்னிங்ஸ்தான். ஆனால் யார் பிரஜை என்று அந்தச் சட்டத்தில் எழுதவில்லை, பார்லிமெண்டுக்கு விட்டுவிட்டார்கள். சுதந்திரம் வந்த 1948-லேயே பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட, தேயிலைத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். நம் நாட்டிலோ அது அரசியல் சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. மாற்றுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதுவும் இரும்பு வேலி அல்ல. 1962-இல் அந்த ஆதரவோடுதான், பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்று பிறப்புரிமையைச் சுருக்கினார்கள்.

1957 ஆகஸ்ட் 31-இல் சட்டம் அமலுக்கு வந்தது. மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது: ஓராண்டுக்குள் மனுப்போட்டால் மலாய் மொழிப் பரீட்சை கிடையாது. கிள்ளான் பக்கத்துப் பால்மரத் தோட்டத்தில், இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடுகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் அந்தப் பாரத்தோடு அலையமுடியும். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றிருந்தவர்களும் உண்டு. பதியாதவர்கள் கையில் சிவப்பு அடையாளக் கார்டுதான். 1969-இல் பிரஜையல்லாதோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, அவர்களில் ஆயிரக்கணக்கானோர் தாங்கள் பால் வெட்டிய தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.