மடக்கெழுத்தாணி: ஒரு பிடிக்குள் கத்தியும் பேனாவும்

எங்கள் நிவித்திகலப் பகுதியில் கத்திகளுக்குக் குறைவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்ய ஒரு கத்தி. இறப்பர் மரத்தில் பால் வெட்ட வேறொரு கத்தி. பாக்கு வெட்டப் பாக்குவெட்டி. சமையலறையில் மீனுக்கும் மரக்கறிக்கும் தனித்தனியே. அவற்றைக் கையில் எடுத்ததுமே எது எந்த வேலைக்கு என்று வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் பார்த்த மாத்திரத்தில் வேலையைச் சொல்ல முடியாத ஒரு மடக்குக் கத்தி இருந்தது. பிடியின் ஒரு முனையிலிருந்து சிறிய கத்தி வெளியே வரும். மறு முனையிலிருந்து கூரான இரும்பு ஊசி ஒன்று வரும். இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். இதன் பெயர் மடக்கெழுத்தாணி. இன்று இதை யாரும் செய்வதில்லை. பழைய பெட்டகத்தில் இது அகப்பட்டாலும், ஏதோ உடைந்த சாமான் என்று பழைய இரும்பு வாங்குபவரிடம் போய்விடக் கூடும். அதனாலேயே இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கின்றது.

பேனாவுக்கு ஏன் கத்தி?

சட்டைப்பைக்குள் வைக்கும் சிறிய கத்தியைப் பேனாக்கத்தி என்கிறோம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று யோசித்ததுண்டா? ஐரோப்பியர் பறவை இறகினால் எழுதிய காலத்தில் இறகின் நுனி அடிக்கடி மழுங்கும். அதைச் சீவ ஒரு சிறு கத்தி தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு நிப்புகள் வந்ததும் இறகுப் பேனா மறைந்தது. கத்தியும் அதன் பெயரும் நிலைத்துவிட்டன.

அரபுலகிலும் இப்படித்தான். அங்கே கலம் என்பது நாணலைச் சீவிச் செய்த பேனா. நாணலைச் சீவிய கத்திக்கு மிப்ராத் என்று பெயர். இன்று அரபு நாட்டுப் பிள்ளைகள் பென்சில் சீவும் கருவியையும் அதே சொல்லால்தான் அழைக்கின்றனர். ஹிஜ்ரி 328இல் மறைந்த இப்னு முக்லா, கலத்தின் நுனி பதிக்கும் ஒரு புள்ளியையே அளவாகக் கொண்டு எழுத்துகளின் நீளத்தையும் வளைவையும் வகுத்தார். நுனியை வெட்டியது பிழைத்தால் புள்ளி பிழைக்கும். புள்ளி பிழைத்தால் எழுத்து முழுவதும் பிழைக்கும். ஆகவே அழகாக எழுத விரும்பியவர் முதலில் கத்தி பிடிக்கப் பழகினார்.

நம் நாட்டிலும் தமிழகத்திலும் எழுதுகோலுடன் கத்தி சேர்ந்தேயிருந்தது. ஆனால் அதன் வேலை வேறு. அங்கே கத்தி பேனாவைச் சீவியது. இங்கே கத்தி தாளைச் சீவியது!

ஓலையும் அதன் தேவையும்

இங்கே தாள் என்பது ஓலை. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பனையோலை. சப்ரகமுவ உள்ளிட்ட கண்டி இராச்சியத்தில் தாளிப்பனை ஓலை. சிங்களத்தில் அந்த மரத்தைத் தல என்பார்கள். பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்து, பின்னர் பட்டுப்போகும் மரம் அது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்த பின்னரும் நெடுநாள் காணி உறுதி, கணக்கு, வைத்தியக் குறிப்பு எல்லாம் ஓலையில் எழுதப்பட்டே வந்தன.

ஓலை மரத்திலிருந்து தாளாக இறங்கி வருவதில்லை. நடுநரம்பை நீக்க வேண்டும். பதப்படுத்தி உலர்த்த வேண்டும். இரு ஓரங்களையும் ஒரே அகலமாகச் சீவ வேண்டும். இதைத்தான் வாருதல் என்றார்கள். இதற்குக் கத்தி வேண்டும். பிறகு எழுதுவதற்குக் கூரான எழுத்தாணி வேண்டும். கருவி இரண்டு, எழுதுபவர் ஒருவர். அவருடைய உடையிலோ சட்டைப்பை கிடையாது. இடுப்பு மடியில் செருகிக்கொண்டு நடக்க வேண்டும். கூரான ஊசியையும் கத்தியையும் திறந்தபடி மடியில் செருகினால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குக் கொல்லர் கண்ட விடைதான் மடக்கெழுத்தாணி.

அமைப்பின் அழகு

உ.வே. சாமிநாதையர் (1855–1942) திண்ணைப் பள்ளியில் ஓலையில் எழுதிப் படித்தவர். ‘என் சரித்திரம்’ என்ற தமது நூலில் அவர் எழுத்தாணி வகைகளை விவரித்திருக்கின்றார். குண்டெழுத்தாணிக்குத் தலை கனமாக இருக்கும். வாரெழுத்தாணியின் மேற்பகுதியிலேயே கத்தி அமைந்திருக்கும். ஆனால் அது மடங்காது, உறையில்தான் செருகி வைக்க வேண்டும். மடக்கெழுத்தாணிக்கு உறையே தேவையில்லை. பிடியே உறை. மரத்தினாலோ கொம்பினாலோ தந்தத்தினாலோ அந்தப் பிடியைச் செய்தார்கள்.

கத்தியும் எழுத்தாணியும் ஏன் எதிரெதிர் முனைகளில் இருக்கின்றன? வாரும்போது எழுத்தாணி உள்ளே தூங்கும். எழுதும்போது கத்தி உள்ளே தூங்கும். ஒன்று மற்றதற்கு இடையூறில்லை. பிடித்திருக்கும் கையையும் காயப்படுத்தாது. வீட்டில் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் அது கிடந்தாலும் இரு கூர்களும் மூடியே இருக்கும்.

இரண்டு கூர்களும் ஒரே விதமானவை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். கத்தி ஓலையை அறுக்க வேண்டும். எழுத்தாணியோ ஓலையைக் கீற வேண்டும், கிழித்துவிடக் கூடாது. ஓலையின் நார் நீளவாட்டில் ஓடுகிறது. முனை அளவுக்கு மீறிக் கூராக இருந்தால் நாரோடு நாராகப் பிளந்துவிடும். மழுங்கினால் கீறல் விழாது. புள்ளி குத்தினால் ஓட்டை விழும் என்பதால்தான் பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருப்பதில்லை என்பார்கள்.

எழுதும் முறையும் நமது பேனாவைப் போன்றதல்ல. ஓலையை இடது கையில் பிடித்து, எழுத்தாணியை நிமிர்த்தி வலது கையில் பற்றி, இடது பெருவிரலால் அதைத் தாங்கி எழுதுவார்கள். எழுத்தாணி அதிகம் நகராது, ஓலையே நகரும். இப்படி எழுதும்போது ஊசி சற்று ஆடினாலும் எழுத்துக் கோணிவிடும். ஆகவே மடக்கும் இடத்திலுள்ள ஆணி இறுக்கமாக இருக்க வேண்டும். அதே சமயம் விரலால் மடக்கவும் முடிய வேண்டும். இந்த நூலிழை அளவைக் கண்டுபிடிப்பதில்தான் கொல்லரின் கைத்திறன் இருந்தது. கீறி முடித்ததும் கரியைத் தடவித் துடைத்தால் கீறல்களில் மட்டும் கருமை தங்கி எழுத்துத் துலங்கும்.

ஏன் மறைந்தது?

உமறுப் புலவர் சீறாப்புராணத்தைப் பாடிய காலத்தில் தமிழ் நூல்கள் ஓலையில்தான் வாழ்ந்தன. அவர் 1703இல் மறைந்தார். அந்தக் காவியம் அச்சேறியது 1842இல். இடைப்பட்ட ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளும் அதை ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்து எழுதிக் காத்தது யாரோ பலருடைய கைகளும் எழுத்தாணிகளும்தான். 1882இல் கண்டியில் அறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்தபோது காலம் காகிதத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கையில் சிலேட்டும் பென்சிலும் வந்தன.

இறகு மறைந்த பிறகும் பேனாக்கத்தி பிழைத்தது. பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் அது உதவியது. மடக்கெழுத்தாணிக்கு அந்த வாய்ப்பில்லை. அதன் பாதி கத்தி. மறுபாதிக்கு ஓலையைத் தவிர வேறு வேலையில்லை. ஓலை போனதும் முழுக் கருவியும் போனது. இனிச் செய்ய வேண்டாமென்று யாரும் கட்டளையிடவில்லை. கேட்பவர் இல்லாததால் கொல்லர் செய்வதை நிறுத்திவிட்டார்.

சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

நோன்பு மாதத்தை எதிர்பார்த்து வீடு கழுவிச் சுத்தம் செய்யும் நாட்களில் பழைய பெட்டகங்களைத் திறப்பது நீங்கள்தான். எதை வைப்பது, எதைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானிப்பதும் நீங்கள்தான். மூத்தம்மா காலத்துப் பொருளொன்றின் உபயோகம் தெரியவில்லை என்றால், அதற்காகவே அதை நிறுத்து விற்றுவிடாதீர்கள். இரும்புக்கடைத் தராசு அதன் எடையை மட்டுமே சொல்லும்.

இத்தகைய எழுத்தாணி உங்கள் வீட்டில் இருந்தால் துருப் பிடித்த மடக்கை வலிந்து திறக்க வேண்டாம், முறிந்துவிடும். அரத்தாளால் தேய்க்கவும் வேண்டாம். பழைய வேலைப்பாடு அழிந்துவிடும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கூடவே ஏட்டுச் சுவடிகள் இருந்தால் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள். கொழும்பு தேசிய நூதனசாலையில் ஏட்டுச் சுவடிகள் பெருந்தொகையாகப் பாதுகாக்கப்படுகின்றன. விவரமறிந்தவர்களின் ஆலோசனையை அங்கே நாடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் அது யாருடையது, எந்த ஊரில் இருந்து வந்தது, அவர் அதைக் கொண்டு என்ன எழுதினார் என்று கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி அந்தப் பொருளோடு சேர்த்து வையுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளை அந்தப் பிடியைத் திறந்து பார்க்கும்போது, ஒரு முனையில் ஏன் கத்தி, மறு முனையில் ஏன் ஊசி என்பதற்கு அந்தத் தாள் பதில் சொல்லும்.