ஆழமில்லாதவற்றுக்கு என்ன பெயர்?

‘ஆழமற்ற நீர்’, ‘ஆழமற்ற தட்டு’, ‘ஆழமற்ற கட்டுரை’, ‘ஆழமற்ற மனிதன்’ என்று நம் மாணவர் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் எழுதிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் ‘ஷாலோ’ என்னும் ஒரு சொல்லே குளத்துக்கும் மனிதனுக்கும் வழங்குவதால் வந்த பழக்கம் போலும். பிழையென்று தள்ளமாட்டோம். ஆயினும் தமிழிலே உள்ள ஒரு நுட்பமான வேறுபாடு இதனால் மறைந்துபோகின்றது.

கடலுக்குரிய பழம்பெயர்கள் இரண்டை நோக்குவோம். ஆழ்ந்திருப்பது ஆழி, பரந்திருப்பது பரவை. யாழ்ப்பாணத்தார் தம் குடாநாட்டினுள்ளே புகுந்து கிடக்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பைப் பரவைக்கடல் என்பர். அங்கே இல்லாத ஆழத்தை அவர்கள் சுட்டவில்லை. இருக்கும் பரப்பையே சுட்டினார்கள். அந்நீரில் இறங்கி நடப்பவன், தன் உடம்பையே அளவுகோலாக்கிக் ‘கரண்டைக்கால் தண்ணீர்’, ‘முழங்கால் தண்ணீர்’ என்பான். இச்சொற்களிலே குறைகூறும் தொனி கிடையாது. கூறுவதற்கு இடமுமில்லை. ஆனையிறவு, மன்னார், புத்தளம் ஆகிய உப்பளங்களிலே நீரை ஆழமாகத் தேக்கினால் அது வற்ற நெடுநாட் செல்லும். பாத்தியிலே மெல்லிதாகப் பரப்பினாலன்றோ வெயிலில் உப்பு விளையும்? வெங்காயமும் மேல்மண்ணிலேதான் வேர்விடுகின்றது. அதற்காக அதனைப் பழிக்கும் கமக்காரர் ஒருவருமிலர். அடிக்கடி நீர் இறைப்பதோடு சரி.

மனிதர் காரியத்துக்கு வந்தவுடன் சொற்கள் மாறிவிடுகின்றன. மேலோட்டம், மேம்போக்கு, நுனிப்புல் மேய்தல் என்கிறோம். ஓடுவதும் போவதும் மேய்வதும் செயல்கள். ஆழ்ந்து செல்லவேண்டிய இடத்தில் ஒருவன் மேலாக ஓடிவிட்டான் என்பதே குற்றச்சாட்டு. அவனிடத்தில் ஆழமே இல்லை என்பதன்று. புல்லின் அடி அங்கேதான் இருக்கின்றது. மாடுதான் நுனியைக் கடித்துவிட்டு நகர்ந்துவிட்டது!

தேர்ச்சி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இவன் ஆழமில்லாத பிள்ளை’ என்று தந்தையார் சொல்வதற்கும், ‘இவன் பாடத்தை மேலோட்டமாகப் படித்திருக்கிறான்’ என்று சொல்வதற்கும் உள்ள தூரம் சிறிதன்று. முன்னது பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு. அதனைக் கேட்ட பிள்ளை என்ன செய்யமுடியும்? பின்னதைக் கேட்ட பிள்ளையோ புத்தகத்தை மறுபடி திறக்கலாம்.

வள்ளுவரும் இவ்விடயத்திலே கடுமை காட்டாமலில்லை. நுண்ணிய நூலறிவு இல்லாதவனுடைய அழகை, மண்ணாற் செய்து அலங்கரித்த பாவையின் அழகுக்கு ஒப்பிடுகின்றார். ஆனால் அவ்வுவமை வரும் கல்லாமை அதிகாரத்துக்கு முன்னதாகிய கல்வி அதிகாரத்திலே, தோண்டுமளவுக்கு நீர் ஊறும் மணற்கேணியை நமக்குக் காட்டிவிடுகின்றார். அவ்வொழுங்கும் கருதத்தக்கது.

‘அரைகுறை’ என்னும் சொல்லையும் இவற்றோடு சேர்க்கலாமோ எனச் சிலர் கேட்கக்கூடும். அது ஆழத்தைப் பற்றியதன்று, நிறைவைப் பற்றியது. கிணறு வெட்டத் தொடங்கியவன் பாதியிலே மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனால் அது அரைகுறை. வெட்டாமலே காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இங்கே தண்ணீர் இல்லை’ என்று போய்விட்டால் அது மேலோட்டம்.